நெறஞ்சிருக்கு

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். லகரமும் ளகரமும் இடம் மாறி வரும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் இந்த வயதில் குழம்புகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஒரே ஒரு வார்த்தை மட்டும் மறக்கவில்லை. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பானையில் அரிசி தீர்ந்துபோனால் பெண்கள் “அரிசி இல்ல” என்று சொல்ல மாட்டோம். “அரிசி நெறஞ்சிருக்கு” என்போம். உப்பு, மஞ்சள், விளக்குக்கு எண்ணெய், எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம், பங்குனி வெயில். வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை ஓரமாக ஓலை வீட்டில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், பத்து வயதில் மகள், இரண்டு வயதில் மகன். ஓலை வீட்டுக்காரர்களில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் காரை வீடு கட்டித் தரப்போகிறது என்று சொல்லி, ஒருவர் சைக்கிளில் வீடு வீடாக எழுதிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் அறுப்பு வேலைக்குப் போயிருந்தார். எனக்கு அந்தக் காலத்தில் வெளி ஆளிடம் நேராக நின்று பேச வராது. கதவுக்குப் பின்னால் இருந்துதான் பதில். பேர் கேட்டார், எத்தனை பேர் என்று கேட்டார், பிறகு வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறதா என்றார். அன்றைக்குப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் கூலி நெல் வந்தால்தான் உலை.

“நெறஞ்சிருக்கு சார்,” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். தப்பாகச் சொன்னோம் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அந்த வைகாசியில் ஸ்ரீபெரும்புதூர் என்ற பேர் ஊர் உலகமெல்லாம் தெரிந்துபோனது. அதை எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் என் கூரையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆடியில் பள்ளிக்கூடச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, அவள் வீட்டுப் பேர் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். எங்கள் பேர் இல்லை. என் வீட்டுக்காரர் ஆபீஸ் வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறார். உன் மனைவியே நிறைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள், எழுதியிருக்கிறது பார் என்று காட்டிவிட்டார்களாம். மனு கொடுத்துவிட்டு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஓரகத்தி விடுவாளா? அந்த ஆடி முழுக்க வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“இன்னாடி, நெறஞ்ச வூட்டுக்காரி. கூழ் ஊத்தணும், ஒரு படி கேவுரு குடேன்.”

மறுபடி விசாரிக்க வருவார்கள், அப்போது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு என்று வீட்டுக்காரர் தினமும் சொன்னார். “மூணு எழுத்து. இல்ல. அதுகூட உன் வாயில வராதா?” என்றார். மகள்கூடச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். வரவில்லை.

சகுனத்துக்குப் பயந்து என்று நினைக்க வேண்டாம். சித்திரையில் ஏரி வறண்டு கிடந்தபோது கரை மாமரத்துக் காய் காற்றில் விழுந்தது. மகளும் நானும் பொறுக்கி வந்து உப்புப் போட்டு வத்தல் காயவைத்தோம். ஆடியில் கூழ், அதற்கு அந்த வத்தல். முதல் மழைக்குக் கொல்லையில் குப்பைக்கீரை தானாக வந்தது. அதை வேரோடு பிடுங்காமல் நுனி கிள்ளித்தான் எடுப்போம், மறுபடி துளிர்க்கும். ஒரு நாளாவது பிள்ளைகள் வெறும் வயிற்றோடு படுத்தார்களா? இல்லை. இந்த இல்லையை மட்டும் நான் சொல்லுவேன்.

ஆனால் வீடு வேண்டாம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தபோது கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. குண்டான், சொம்பு, சோறு வடிக்கும் தட்டு, எல்லாம் தரையில்தான். மகனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுத்தது. காய்ந்த இடம் ஒரு பாய் அகலம்தான். அதில் அவனைப் போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தோம். வீடு வேண்டும். எனக்குத் தெரியாதா?

மழை விட்ட ஒரு காலையில் அதே ஆள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் வந்தார். ஓரகத்தி வேலி ஓரம் வந்து நின்றாள். வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வூட்ல ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கறேன். சரிதானேம்மா?”

கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“கூரை ஒழுகுது சார். அத எழுதுங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதாதீங்க.”

வீட்டுக்காரர் “ஏய்” என்றார். ஓரகத்தி, அவளுக்கு வாய் குழறுகிறது, கண்டுகொள்ளாதீர்கள் சார் என்றாள்.

“எனுக்கு ஒண்ணும் கொழறல. உள்ள வந்து பாருங்க சார். புளி கீது, மாங்கா வத்தல் கீது, கொல்லைல கீரை கீது. காலைல மடையில கெண்டை புடிச்சினு வந்தாரு. புள்ளைங்க துன்னுட்டுதான் நிக்குதுங்க. ஒண்ணும் இல்லன்னு அதுங்க எதிர்லயே எப்டி சொல்றது?”

அந்த ஆள் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அன்றைக்கு வெயிலில் அது தனக்கு உறைக்கவில்லை என்றார். ஆனால் ஃபாரத்தில் உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம்தான் இருக்கிறது, மூன்றாவது கிடையாது என்றார்.

“அப்ப ஓரத்துல எழுதுங்க. ஓரம் காலியாத்தான கீது.”

ஃபாரத்தைத் தொடைமேல் வைத்து ஓரத்தில் ஏதோ எழுதினார். கூட்டெழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை. கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். நான் பேனாவை வாங்கி என் பேரை முழுசாக எழுதினேன்.

தையில் இரண்டாவது பட்டியல் வந்தது. எங்கள் பேர் இல்லை.

வீட்டுக்காரர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஓரகத்தி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியவில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் சொன்னதை நினைத்து நான் ஒரு நாளும் வருத்தப்படவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மாசியில் அவர் கரைப் பனையில் ஓலை வெட்டி, படியவைத்து, கூரை ஏறினார். நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். போன வருஷத்தைவிட நெருக்கமாக வைத்துக் கட்டினார். அதனால் கடைசியில் ஓலை போதவில்லை. மேற்கு ஓரம் ஒரு பாய் அகலம் வெறுமையாக நின்றது.

“இன்னா கொழுந்தனாரே, ஓலை பத்துமா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஓரகத்தி கேட்டாள்.

அவர் மேலிருந்து குனிந்து என்னை ஒரு தடவை பார்த்தார்.

“நெறஞ்சிருக்கு அண்ணி,” என்றார்.

அவள் கேலி பண்ணவில்லை. உள்ளே போனாள். அவர்கள் கூரை மாற்ற வாங்கி வைத்திருந்த ஓலை, காரை வீடு வருவதால் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அதில் ஒரு கட்டு ஓலையை இழுத்து வந்து வேலிக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் போட்டாள். அடுத்த ஐப்பசியில் குண்டானும் சொம்பும் அடுப்படியிலேயே இருந்தன.

இப்போது ஏரிக்கு எதிரில் கம்பெனிகள். அன்றைக்கு மூச்சு இழுத்த மகன் அங்கேதான் ஷிஃப்ட் போகிறான், எங்களுக்குக் காரை வீடும் அவன் கட்டியதுதான். காபித்தூள் நிறைந்திருக்கிறது என்று நான் சொன்னால், பைக்கை அப்படியே திருப்பிக்கொண்டு கடைக்குப் போகிறான்.

இரண்டாம் தடவை விசாரிக்க வந்தது கார்த்திகையில் என்கிறாள் மகள். ஐப்பசி என்றுதான் எனக்கு ஞாபகம். மாசக் கணக்கை யாராவது சரிபார்த்துவிடுங்கள். அந்தப் பழைய ஃபாரம் எந்த அலமாரியிலாவது கிடந்தால், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னதைத்தான் எழுதினாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.