செங்கல் நிறம் வரும் வரை

வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விரலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வெயிலில் கொஞ்ச நேரம் நடந்த பிறகுதான் தோல் கறுக்கத் தொடங்கும். அதன் பிறகு சவர்க்காரம் போட்டாலும் போகாது, தேசிக்காய் தேய்த்தாலும் போகாது. தோல் தானாக உரியும் மட்டும் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு இரசாயனவியல் படிப்பித்த ரீச்சரை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அப்படிக் கறுத்துப்போன அவருடைய பெருவிரலும் சுட்டுவிரலும்தான். நிந்தவூரில் ஒரு கல்யாண வீட்டில், மருதோன்றி போட்ட கைகளுக்கு நடுவே அந்த விரல்களோடு அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். "என்ன ரீச்சர், கையில மையா?" என்று யாரோ கேட்டார்கள். "மையில்ல புள்ள, கம்பஸ்" என்றார். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒரு மனுஷியின் முகத்தில் அத்தனை பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் அந்தக் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், ஆய்வுகூடம் ஒன்றின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. வேலை, போத்தல் கழுவுவதில் தொடங்கி விரிவுரையாளர்களின் கோபத்தை ஆற்றுவதில் முடியும். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆராயத் தொடங்கினார். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையிலிருந்து தெற்கே, கடலோரத்து வீட்டுக் கிணறுகளின் தண்ணீரைப் போத்தல் போத்தலாக எடுத்து வந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு உப்பு என்று அளக்க வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அவருக்கும் கை பழகும், நமக்கும் வேலை நடக்கும் என்று அவர் நினைத்தார். உரிய இடத்தில் அனுமதி வாங்கி, ஒரு தவணைக் காலம் செவ்வாயும் வியாழனும் வந்து போக ஒருவரைக் கேட்டிருந்தார். புதிதாக நியமனம் பெற்ற யாராவது வருவார்கள் என்று இருந்தேன். பஸ்ஸால் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றவர் என் ரீச்சர்.

நான் கதிரையை விட்டு எழும்பியவள் அன்று முழுக்க உட்காரவில்லை. "இரி புள்ள. நான் இங்க படிக்க வந்த" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். கால் மடங்கவில்லை. எங்கள் பக்கத்தில் படிப்பித்தவர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அந்த வளர்ப்பு. ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாதபோது எதற்கு இந்த அலைச்சல் என்று பாடசாலையில் பலரும் கேட்டார்களாம். அவர் என்னிடம் சொன்னது இது: "இருவத்தெட்டு வருஷம் கரும்பலகையில கீறிக் காட்டியே போயிட்டு. போக முந்தி ஒருக்காவாவது என்ட கையால ஒழுங்கா செய்யோணும். இந்த வகுப்புப் புள்ளையளுக்காவது சரியாச் சொல்லிக் குடுத்திட்டுப் போகோணும்." அந்த உயர்தர வகுப்புத்தான் அவருடைய கடைசி வகுப்பு. முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள்.

அவருடைய பள்ளிக்கூடத்தில் நானும் படித்தவள் என்பதால் அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. அங்கே புத்தகம் 'அளவி' என்று எழுதுகிற, நாங்கள் பியூரெட் என்று சொல்லுகிற கண்ணாடிக் குழாய் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் திருகும் இறுகிப் போய், ரீச்சரின் கைக்கு மட்டும்தான் திரும்பும். ஆளாளுக்குச் செய்து பார்க்கிற பேச்சே கிடையாது. ரீச்சர் முன்னால் நின்று செய்வார், நாங்கள் பார்ப்போம். உப்பு அளக்கிற முறை இதுதான்: தண்ணீரில் ஒரு மஞ்சள் கரைசலைக் கலந்து, மேலேயிருந்து வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விட வேண்டும். உப்பு முடிகிற இடத்தில் மஞ்சள் மெல்லச் சிவக்கும். அந்த இடத்தில் திருகைப் பூட்டி, எவ்வளவு விட்டோம் என்று வாசிக்க வேண்டும். ரீச்சர் அந்த இடத்தில் பூட்ட மாட்டார். இன்னும் கொஞ்சம் விடுவார், இன்னும் கொஞ்சம். குடுவை முழுக்கச் செங்கல் நிறமாக வந்த பிறகு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "கடைசி வாங்குக்குத் தெரியுதா?" என்று கேட்பார். கடைசி வாங்கில் இருந்தவள் நான்தான். எனக்குத் தெரிந்தது. அந்த நிறத்தில் மயங்கித்தான் இரசாயனவியல் பக்கம் வந்தேன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் நானும் அப்படியே செங்கல் நிறம் வரும் வரை விட்டேன். செய்முறை வகுப்பை நடத்தியவர் குடுவையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, சர்பத்தா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் திருந்த ஒரே நாள் போதுமாக இருந்தது. ஆகவே ரீச்சர் முதலாவது கிணற்றுத் தண்ணீரை அளந்தபோது, எங்கே நிற்பாட்ட வேண்டும், எங்கே நிற்பாட்டப் போகிறார் என்ற இரண்டும் எனக்கு முன்கூட்டியே தெரியும். மஞ்சள் சிவந்தது. அவர் விட்டுக்கொண்டே போனார். "ரீச்சர், காணும், பூட்டுங்க" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. குடுவை செங்கல் நிறமானது. கடைசி வாங்கு இல்லாத அந்த அறையிலும் அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது வேறு. "வடிவா வந்திருக்கு ரீச்சர்."

மூன்று முறை செய்தார். மூன்று வாசிப்பும் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தன. ஒரே அளவு கூடுதலாக விடுகிற கைக்கு வாசிப்புகள் ஒத்துத்தான் வரும். பார்க்கிற யாருக்கும் பிழை தெரியாது. அவர் கொப்பியில் அழகான எழுத்தில் பதிந்துவிட்டு, மூன்றரை பஸ்ஸுக்குப் போனார். நான் மிச்சத் தண்ணீரை எடுத்துத் திரும்ப அளந்தேன். சரியான வாசிப்பைக் கணினியில் ஏற்றினேன். விரிவுரையாளருக்குப் போனது என் கணக்கு, ரீச்சரின் கொப்பியில் இருந்தது அவர் கணக்கு. ஆராய்ச்சியும் கெடவில்லை, ரீச்சரின் மரியாதையும் கெடவில்லை என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாயும் அப்படித்தான். அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். கையுறை போடுங்கள் என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் இருந்தது. போட்டால் கைக்கு ஒன்றும் விளங்குதில்லை என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு போத்தலில் கொண்டுவந்தார். அவர் அளந்தபடி அது உவர். "இத்தின காலமும் உப்புத் தண்ணியா குடிச்ச நாங்க? நாக்குக்குத் தெரியல்லியே" என்றார். அவர் போன பிறகு நான் அளந்தேன். நல்ல தண்ணீர். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒன்றைச் சொன்னால் அதற்கு முந்திய ஆறு வாரத்தையும் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. அடுத்த கிழமை ரீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: அவருடைய கணவர் தினமும் காலையில் சைக்கிளில் கலனைக் கட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுக் குழாயில் குடிதண்ணீர் எடுக்கப் போகிறாராம். இஞ்சித் தேநீரும் அந்தத் தண்ணீரில்தானாம். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் என்மேல் வெறுப்புத்தான் வருகிறது.

தவணை முடிகிற வியாழக்கிழமை விரிவுரையாளர் முழு அட்டவணையையும் அச்சிட்டு, கீழே நன்றி என்று ரீச்சரின் பெயரையும் போட்டு அவர் கையில் கொடுத்தார். விரிவுரையாளர் போனதும் ரீச்சர் தன் வீட்டுக் கிணற்றைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும். தன் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நான் கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இது ஆர்ர வாசிப்பு?"

"என்ட, ரீச்சர்."

"எல்லாமா?"

"ஓம். முதல் நாள்ல இருந்து."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். "என்ட கண்ணுக்கு முன்னால ஒண்டு செஞ்சு காட்டு" என்றார். செய்தேன். நான் திருகைப் பூட்டியதும், "இன்னும் மஞ்சள்தானே" என்றார். கீழே வெள்ளைக் கடதாசியை வைத்து, துளி விடாத இன்னொரு குடுவையைப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஓம்" என்றார். "இது பின்னால இருக்கிற புள்ளைக்குத் தெரியாது. அதுக்காக விட்டு விட்டு, கை அப்பிடியே பழகிட்டு."

பிறகு உட்கார்ந்தார். நான் நின்றேன். "மரியாதைக்காகத்தான் ரீச்சர் நான்..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்குக் கிணத்தப் பத்திக் கவலையில்ல. அவர் ரெண்டு மாசம் சைக்கிள் ஓடினது அவர்ர உடம்புக்கு நல்லம். நான் செவ்வாக்கிழம இங்க செஞ்சத புதன்கிழம அங்க சொல்லிக் குடுத்த, புள்ள. முந்திச் சொல்லிக் குடுக்கக்குள்ள எனக்கே ஒரு சந்தேகம் இருந்திச்சு, புத்தகத்தப் பாத்துத்தானே சொல்றம் எண்டு. இப்ப சந்தேகமில்லாம சொன்ன. கம்பஸ்ல உள்ளவங்களே பாத்து வடிவா வந்திருக்கு எண்டு சொன்னாங்க எண்டு சொன்ன."

நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தது அட்டவணையை மட்டும்தான். அவர் இந்த வயதில் பஸ் ஏறி வந்தது அட்டவணைக்காக அல்ல என்பதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்குப் படிப்பு லீவு விட்டாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும், அவருக்கு ஒரு தவணை மிஞ்சியிருக்கும்.

"ஞாயித்துக்கிழம புள்ளையள வரச் சொல்றன்" என்றார் எழும்பும்போது. "நீயும் வா. ரெண்டு பியூரெட் கொண்டு வா. நான் சொன்னா, ரீச்சர் தன்னடக்கத்துக்குச் சொல்றா எண்டு நினைப்பாளுகள். நீ சொல்லோணும்."

விரிவுரையாளரிடம் நடந்ததைச் சொல்லி, அவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, பியூரெட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். நான் படித்த அதே வகுப்பறை. முப்பத்திரண்டில் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். ரீச்சர் என்னை முன்னால் விட்டுவிட்டு நேரே பின்னுக்குப் போய்க் கடைசி வாங்கில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். நான், சில இடங்களில் இப்படியும் செய்வார்கள், சில இடங்களில் அப்படியும் செய்வார்கள், இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்கிற மாதிரி ஆரம்பித்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூசி மெழுகாம சொல்லு."

சொன்னேன். "ரீச்சர் சொல்லித் தந்தது பிழை. செங்கல் நிறம் வரும் வரைக்கும் விடக் கூடாது. அது பிழை எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வடிவா இருக்கு எண்டு சொன்ன."

முன் வரிசையில் ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். "அப்ப ஏன் மிஸ் சொல்லாம இருந்தீங்க?" அன்றைக்கு ஆய்வுகூடத்தில் பாதியில் நின்ற பதில் என்னிடம் இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மரியாதை என்ற சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "பயத்தில" என்றேன். அதுதான் உண்மை என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டு பியூரெட்டுக்கும் வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகச் செய்தார்கள். வெள்ளைக் கடதாசியின் மேல் எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ரீச்சரும் எழும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். தன்னை முன்னால் விடப் பார்த்த பிள்ளைகளை முறைத்தார். அவருடைய முறை வந்தபோது இருபத்தாறு பேரும் சுற்றி நின்றார்கள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஒரு துளி. குடுவையைச் சுழற்றினார். இன்னொரு துளி. பூட்டினார். வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. கடதாசியின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரியா?"

நன்றாகத்தான் இருந்தது. செங்கல் நிறத்துக்கும் அதற்கும் வெகுதூரம். அவருடைய இருபத்தெட்டு வருடத்துக் கை அவ்வளவு தூரம் திரும்பி வந்திருந்தது. ஆனால் ஒரு துளி கூடியிருந்தது. வேறு யாருடைய குடுவையாக இருந்தாலும் விட்டிருப்பேன். பிள்ளைகள் எல்லோரும் குடுவையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு துளி கூடிட்டு, ரீச்சர்."

அவர் குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். குடுவையை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய், ஊற்றிவிட்டு, திரும்பச் செய்வதற்காகக் கழுவத் தொடங்கினார்.