பத்துக்கு ஆறு

டாக்டர் "பொண்ணு" என்று சொன்னதும் பிரசவ அறைக் கதவுக்கு வெளியிலிருந்து என் நாத்தனாரின் குரல் வந்தது.

"சிஸ்டர், கரெக்டா மணி என்னங்க? பத்தே முக்காலோட ஆயில்யம் முடியுது. முன்னாடியா, பின்னாடியா?"

"இருங்கம்மா, முதல்ல புள்ள அழுவட்டும்."

குழந்தை அழவில்லை. நர்ஸ் அவளைச் சூடு விளக்கின் கீழே கிடத்தி, துண்டால் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முழங்கை அசைவதுதான். பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம். "பத்துக்கு ஆறு" என்று நர்ஸ் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

ஆறா? ஒரு மாத்திரை தவறவிட்டதில்லை, ஒரு செக்கப்புக்கு ஒரு நாள் தாமதித்ததில்லை. முக்கச் சொன்னபோது சரியாக முக்கவில்லையோ? எங்கள் ஊர் பூவத்திலிருந்து கிளம்பவே தாமதமாகிவிட்டதோ?

வார்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். "பாஸ்தானே?" என்றார்.

மறுநாள் காலை அதே நர்ஸ் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஆறு மார்க், பொறந்து ஒரு நிமிஷத்துல போட்டதும்மா. மூச்சு, நாடி, நெறம், கை கால் அசைவு, தொட்டா சிணுங்குதா, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க், அவ்வளவுதான். அஞ்சாவது நிமிஷம் மறுபடி பாத்தோம். ஒம்பது."

"அந்த ஒண்ணு ஏன் கொறஞ்சுது?"

"கை கால் நீலமா இருந்துச்சு. முக்காவாசிப் புள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் ஓடி வந்தார். "சிஸ்டர், சீட்டுல பத்தே முக்கால்னு மொத்தமா போட்டிருக்கு. அந்த ஆறு எத்தன மணிக்குப் போட்டீங்க?"

"பத்து நாப்பத்தேழு."

"ஒரு நிமிஷம் கழிச்சா நாப்பத்தாறு. அப்ப மகம்!" ஜோசியருக்குப் போன் போட வராந்தாவுக்குப் பறந்தார். என் மகள் மூச்சு விடத் திணறிய அந்த ஒரு நிமிடம் இவருக்கு இப்படிப் பயன்பட்டது.

"நெஜமா ஒண்ணும் இல்லைல்ல சிஸ்டர்?" என்று மறுபடி மறுபடி கேட்டேன்.

"மூணாவது தடவ கேக்குறீங்க. பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா."

"ஒண்ணுக்குப் போனாளா?"

"போனா."

"அப்புறம் என்னதாம்மா வேணும் ஒங்களுக்கு?"

விடுபட்ட அந்த ஒரு மதிப்பெண் வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றுமில்லை என்றேன்.