காயப்போட்ட வயலும் காலை 6.08 மணியும்

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தஞ்சாவூருக்குப் போனேன். திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பெரிய கோயில்ல கூட்டமா?" என்பதுதான். நான் கோயிலுக்குப் போகவில்லை. விண்வெளியிலிருந்து ஒரு நெல் வயலை ஆராய்கிறார்கள், அதைப் பார்க்கப் போனேன். தாம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டிலும் கேட்டார்கள். தேவையில்லைதான்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு அறிவியல் கண்காட்சியில் சங்கீதா என்ற பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவியைச் சந்தித்தேன். பிஎச்.டி. மூன்றாம் வருடம். நாகப்பட்டினம் பக்கத்துப் பெண். அவர் அம்மா இன்றும் நடவுக்குப் போகிறார். நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை வெளியிடும்; பூமி சூடாவதில் அதற்கும் பங்கு உண்டு. நடுநடுவே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் வாயு குறையும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்கிறார்கள். எந்த வயல் காய்ந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் மேலிருந்தே சொல்லிவிடுமா என்பதுதான் சங்கீதாவின் ஆராய்ச்சி. சனிக்கிழமை காலை 6.08க்கு அது தன் வயலுக்கு மேல் போகிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார்.

கூடவே ஓர் எச்சரிக்கை. ஆட்டோவிலோ டீக்கடையிலோ மீத்தேன் என்ற வார்த்தையை மட்டும் எடுக்கக் கூடாது. டெல்டாவில் அந்தப் பேச்சை எடுத்தால், எரிவாயு எடுக்க நிலத்தில் குழாய் இறக்க வந்த கம்பெனி ஆள் என்றுதான் நினைப்பார்களாம். அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. சரி என்றேன்.

இரவு ரயிலில் படுக்கை 255 ரூபாய். பழைய பேருந்து நிலையம் பக்கம் லாட்ஜ், ஒரு நாளைக்கு 900. மின்விசிறி சத்தம் இலவசம். இடத்தை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளலாம் என்று வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். போக வர, காத்திருப்பும் சேர்த்து 600 ரூபாய். டிரைவர் பக்கிரிசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டைக்குச் சற்று முன்னால் இடதுபக்கம் திரும்பி மூன்று கிலோமீட்டர். லாட்ஜிலிருந்து மொத்தம் பதினாறு.

வழியெல்லாம் குறுவை நெல் பச்சைப் பசேலென்று நின்றது. சங்கீதாவின் இடம் ஆறு சின்னத் துண்டுகள். மூன்றில் தண்ணீர் நின்றது. மூன்று வெடித்துக் கிடந்தன. வெடிப்புக்குள் விரல் போகும். பக்கிரிசாமி வரப்பில் நின்று, யார் வயல் என்று கேட்டார். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. "காலேஜ் ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போனேன். அவர் குனிந்து ஒரு நெல் தாளின் நுனியைத் தடவிப் பார்த்தார். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதே என்று இரண்டு முறை சொன்னார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். திரும்பும்போது பேசவே இல்லை. வாடகை கட்டுப்படியாகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் காலை அதே ஆட்டோவில் 4.50க்குக் கிளம்பி 5.20க்குப் போய்ச் சேர்ந்தோம். சங்கீதா ஸ்கூட்டியில் வந்து காத்திருந்தார். கருவிகள் இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மோட்டார் கொட்டகையில் இருந்தன. செயற்கைக்கோள் கடக்கிற அதே நேரத்தில் பயிர்மேல் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பெட்டிகளைத் தூக்க நானும் போனேன். நடந்துகொண்டே சொன்னார்: இந்தப் பருவத்தில் இதுதான் கடைசிக் காய்ச்சல். ஒரு வாரத்தில் பயிர் தொண்டைக்கதிருக்கு வந்துவிடும். கதிர் உள்ளே உருவாகும்போது காயவிட்டால் நெல் பதராகிவிடும். செயற்கைக்கோளோ பன்னிரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி வரும். உதவித்தொகை மார்ச்சோடு நிற்கிறது. இன்று அளந்துவிட்டால் ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம்.

இரண்டு நடை நடந்து பெட்டிகளோடு திரும்பியபோது மணி 5.45. பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு வரப்பில் நின்றார். அடைத்திருந்த மடையைக் காலால் உடைத்துவிட்டிருந்தார். காய்ந்த மூன்று துண்டிலும் தண்ணீர் பளபளத்தது. வெடிப்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"பயிரு கருகுதும்மா. ஆளு யாரும் கவனிக்கல போலருக்கு. நான் தண்ணி வச்சுட்டேன்" என்றார். முகத்தில் அத்தனை நிம்மதி.

சங்கீதா கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "அண்ணே, அது நாங்களே காயப்போட்டதுண்ணே" என்றார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வாக்குக் கொடுத்து வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்தானே.

மடையை அடைத்தோம். நானும் பேண்ட்டோடு சேற்றில் இறங்கினேன். ஆனால் மண் குடித்த தண்ணீரை யார் திரும்ப வாங்குவது? பிறகு பக்கிரிசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மீத்தேன் உட்பட. அந்த வார்த்தைக்கு அவர் நெற்றி சுருங்கியது. முழுதும் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைமடையில் அவருக்கு மூன்று மா நிலம் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு ஏக்கர். முந்தின வருடம் தண்ணீர் வந்து சேராமல் சம்பா கருகியது. ஒரு மாதம் அந்த வழியாகவே போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை என்றார்.

6.08 ஆனது. வானத்தில் எதுவும் தெரியவில்லை. தெரியாது என்று சங்கீதா முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் ஆறு துண்டிலும் பெட்டியைக் கவிழ்த்து அளந்தார். வீணாய்ப்போனதை ஏன் அளக்கிறீர்கள் என்றேன். இந்த நிமிஷத்தில் தரை எப்படி இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்றார்.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதிவேட்டில் குறிப்பு என்றொரு கட்டம் இருந்தது. நண்டு வளையில் தண்ணீர் கசிந்தது என்று எழுதிவிடலாமே என்றேன். அது இயற்கை, ஆய்வு நெறியாளர் உடனே கால நீட்டிப்புக்குப் பரிந்துரைப்பார். ஆள் புகுந்து மடையை உடைத்தார் என்றால் காவல் இல்லாமல் விட்டது சங்கீதாவின் குற்றமாகிவிடும். அவர் பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தின் மேல் பிடித்தார். அதுவரை தள்ளி நின்ற பக்கிரிசாமி கிட்டே வந்தார்.

"மேல போனது நான் வச்ச தண்ணியப் பாத்திருக்கும்ல?"

"பாத்திருக்கும்ண்ணே."

"அப்ப எம் பேரப் போட்டு எழுதுங்கம்மா. நண்டு என்ன பாவம் பண்ணுச்சு."

சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. எழுதினார். இங்கே வயல் வறண்டு கிடந்தால் பார்ப்பவர்கள் தண்ணீர் விட்டுவிடுவார்கள் என்பது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு பலகையாவது வைத்திருக்க வேண்டும் என்று கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குறுவைக்கு ஆனியும் ஆடியும் நல்ல காலம். பல்கலைக்கழகத் துறையில் அனுமதி வாங்காமல் யார் வயலிலும் இறங்காதீர்கள். பூட்ஸ் வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும், வெறுங்காலே மேல். ரயிலைத் தவிர்த்து, ஒரு நாள் அறை, இரண்டு முறை ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 2,700 ரூபாய் ஆனது. முக்கியமாக, கூட்டிப்போகிறவரிடம் எதற்குப் போகிறீர்கள் என்று முழுதாகச் சொல்லுங்கள். பயப்படுவார் என்று நாங்கள் மறைத்தோம், மறைத்ததுதான் வினையானது.

போன வாரம் சங்கீதா போன் செய்தார். இந்தப் பருவத்துக் கணக்கு சேராது என்று ஆய்வுக் குழு சொல்லிவிட்டது. அடுத்த குறுவையில் மறுபடி செய்ய வேண்டும், உதவித்தொகை இல்லாமல். ஏதாவது கல்லூரியில் வகுப்பெடுத்துச் சமாளிப்பேன் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன்; அவர் பேச்சை மாற்றினார்.

அடுத்த முறை காவலுக்கு ஆள் உண்டாம். பக்கிரிசாமியே வந்து கேட்டிருக்கிறார். வரப்பு முனையில் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி யாரையும் உள்ளே விடமாட்டாராம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வயலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

"பாத்தேன்னா கை சும்மா இருக்காதும்மா."