அடித்தட்டோடு ஒரு மல்லுக்கட்டு

தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணியில் என் வேலை மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியின் இரும்பு அடித்தட்டைத் தூக்குவது. உடம்பைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். மோர்ட்டார் குண்டு வளைந்து மேலேறி, மேட்டுக்குப் பின்னால்கூடப் போய் விழும். ஆனால் எதிரியின் ரேடார் அந்த வளைவைப் பார்த்தே சுட்ட இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். அதனால் சுட்ட கையோடு இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

சேவை முடித்தவர்களை மறுபடி அழைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சியில், போன வருடம், எதிரிக்குப் பதிலாக ஓர் அதிகாரி கடிகாரத்தோடு நின்றார். தாமதித்தால் சனிக்கிழமை மறுபடியும் செய்ய வேண்டுமாம். சனிக்கிழமைதான் வீட்டில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணை லிட்டில் இந்தியாவில் சந்திக்கவிருந்தேன்.

சுட்ட அதிர்ச்சியில் தட்டு ஈரமண்ணில் புதைந்துவிட்டது. இழுத்தேன். தட்டு வரவில்லை, முதுகுவலி வந்தது.

“அண்ணே, கல்யாணத்த நெனச்சு இழுங்க லா,” என்றான் கூட இருந்தவன். நினைத்தேன், தட்டு வந்துவிட்டது. நேரத்துக்குள் லாரியில் ஏறினோம்.

சனிக்கிழமை தோசைக் கடைக்குள் கூன் போட்டுக்கொண்டே நுழைந்து, அந்தப் பெண்ணிடம் முழுக்கதையும் சொன்னேன்.

“இவ்ளோ வலின்னா நாளைக்கு வெச்சிருக்கலாமே,” என்றார்.

“நாளைக்கும் வரேன்.”

“வாங்க,” என்றார்.