மாமா பார்க்காத புலி

பவானிபூர்த் தமிழ்ப் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: நம் கட்டடத்து லிஃப்ட் மீண்டும் காலமானது. இதைச் சொல்லத்தான் போன வாரம் காவலாளி படியேறி வருகிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். "மேஷோமொஷாய் ஆர் நேய்" என்றார் வங்க மொழியில். மூன்றாம் மாடி ராகவன் மாமா இனி இல்லை.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தனியாள். அவர் வீட்டு மணியை அதிகம் அடித்தவன் நான்தான், அடித்துவிட்டு ஓடுவதற்காக.

இரண்டு வருடம் முன்பு எல்லோரும் சுந்தரவனத்துக்குப் படகில் போனோமே, நினைவிருக்கிறதா? குப்பை வாங்க மஞ்சள் துணிப்பையை நீட்டிக்கொண்டே வந்தார் மாமா. "மிட்டாய்த் தாள்கூடத் தண்ணியில விழக்கூடாது. நாம கூப்பிடாம வந்த விருந்தாளிடா, குரலை இறக்கு." ஒரே ஒரு காட்டுப் புலியைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அதற்கு முன் நான்கு முறை போய், பார்க்காமல் திரும்பியவர்.

நான் ஸ்பீக்கரில் புலி உறுமலைப் போட்டேன். அன்று அந்த ஓடையில் வாலுள்ள ஒரே ஜீவன் நான்தான். வழிகாட்டி கொதித்துவிட்டார். யார் வேலை, படகைத் திருப்பட்டுமா என்றார். மாமா கையைத் தூக்கினார்.

"நான்தாம்ப்பா. வயசான புத்தி."

மிச்சப் பயணம் முழுக்க அவரைக் கீழ்த்தளத்தில், இன்ஜின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கினேன். வாயில் வந்தது வேறு.

"மாமா, இப்பதான் பின்பக்கம் புலி! சேத்துல நடந்து உள்ள போயிடுச்சு. நான் மட்டும்தான் பார்த்தேன்!"

நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அந்தக் கதைதான். "மீசை எப்படிடா இருந்தது?" என்பார். வாரம் ஒரு முழம் வளர்த்தேன். பெரியவரையே ஏமாற்றிய சூரன் என்று உங்களில் பாதிப் பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

நேற்று அவருடைய அக்கா மகன் வீட்டைக் காலி செய்தபோது, அந்தத் துணிப்பையை எனக்குக் கொடுத்தார். உள்ளே அந்தப் படகுப் பயணத்துக்காக மாமா கைப்பட எழுதிய தாள். 'மதியத்துக்கு மேல் ஓடையில் முழு நீரேற்றம். கரைச் சேறு தெரியாது.'

என் புலி நடக்க அன்று சேறே இல்லை. அது அவருக்கு முன்பே தெரியும்.

ஆகவே பெருமக்களே, நான் புலியைப் பார்க்கவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. பை என்னிடம் இருக்கிறது. இன்று காலை அவர் வீட்டு மணியை அடித்தேன். ஓடாமல் நின்றேன்.