ஒரு ட்ரெயின் போனால் அடுத்தது மத்தியானம்தான்

போன வாரம் இதே இடத்தில் ஒரு வீடியோ கேமைக் கிண்டல் செய்திருந்தேன். நீங்களும் ரசித்தீர்கள். வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. அந்தப் பத்தியை இன்று வாபஸ் வாங்குகிறேன் — ஒரு வரி மிச்சமில்லாமல்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் தங்கை லட்சுமி கொழுந்து பறிக்கிறாள். அவள் மகள் தர்ஷிகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் டேப்லெட்டில் ஒரு கேம் விளையாடக் கொடுத்திருக்கிறார். ரயில் கடவையைப் பத்திரமாகக் கடக்க வேண்டும். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் அவுட். ட்ரெயின் போன கையோடு கடக்கிறார்கள். பின்னாலேயே இன்னொன்று வந்து அடிக்கிறது.

"இது பொய் கேம் டீச்சர். எங்க லைன்ல ஒண்ணு போனா அடுத்தது மத்தியானம்தான்" என்று சண்டைக்கு நின்றார்களாம். தர்ஷிகா மட்டும் தோற்றுத் தோற்று, ட்ரெயின் போன பிறகும் இரண்டு பக்கமும் பார்க்கப் பழகி, கடைசியில் ஜெயித்திருக்கிறாள்.

நான் சண்டை போட்ட பிள்ளைகள் கட்சி. பதுளை ரயில் லைனில் வளர்ந்தவர்களுக்கு ட்ரெயின்தான் கடிகாரம். காலை ட்ரெயின் போய்விட்டால் தண்டவாளம் எங்கள் நடைபாதை. கொழுந்து பறிக்கும் மலைக்கும் அதுதான் வழி, கடைக்கும் அதுதான் வழி. எங்கோ உட்கார்ந்து கேம் செய்தவருக்கு இது எங்கே தெரியப்போகிறது? — இப்படியெல்லாம் எழுதினேன். என்ன ஒரு தெம்பு எனக்கு...

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு லட்சுமியும் மகளும் வந்திருந்தார்கள். தோட்டத்து ரோட்டில் போனால் முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து ஏற வேண்டும். தண்டவாளத்தில் பத்து நிமிஷம். காலை ட்ரெயின் எங்கள் கண் முன்னாலேயே போனது. பிறகென்ன யோசனை? ஏறி நடந்தோம்.

தர்ஷிகா ஏறவில்லை. ஓரமாக மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம், தேயிலைச் செடிகளை ஒட்டியே வந்தாள். பத்து அடிக்கு ஒரு தடவை நின்று முன்னால் பார்ப்பதும் பின்னால் பார்ப்பதும்.

"அந்த கேம் வெளையாண்டதுல இருந்து இவளுக்கு இதே வேலை" என்றாள் லட்சுமி. "பெரியம்மாவே பேப்பர்ல எழுதியிருக்காங்க. மேல வா புள்ள."

பிள்ளை கானைத் தாண்டி வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மழை தூறியது. பக்கத்தில் ஓடை இரைந்துகொண்டிருந்தது. ஒரு வளைவு தாண்டியதும் தர்ஷிகா சொன்னாள்: "அம்மா, எஞ்சின் வருது. எறங்குங்க."

"போன ட்ரெயின் திரும்பியா வரும்? சும்மா வா" என்றாள் லட்சுமி.

நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவரை தண்டவாளத்தில் கால் வைக்காத பிள்ளை ஓடி ஏறியது. அம்மா கையையும் என் சேலையையும் பிடித்து இழுத்தது. மூன்று பேரும் கானுக்குள் விழுந்த பிறகுதான் ஹார்ன் சத்தமே என் காதுக்கு எட்டியது. பெட்டி எதுவும் இல்லாத ஒற்றை எஞ்சின். லைன் வேலைக்குப் போகிறதாம். அதற்கு டைம்டேபிள் ஏது?

நான் அடிபட்டுப் போயிருந்தால் என் மடத்தனம் என்று விடலாம். எங்களை இழுக்க வந்து அந்தப் பிள்ளை போயிருக்கும்.

கேமில் குறை இல்லையா? இருக்கிறது. அதில் கேட் உண்டு, மணி அடிக்கும். எங்கள் பக்கம் இரண்டும் கிடையாது. ஆனால் 'எங்களுக்குத் தெரியாத ட்ரெயினா' என்கிற நினைப்பு இருக்கிறதே, அதை அந்த கேம் ஒவ்வொரு தடவையும் சரியாக அடித்தது. எத்தனை தடவை தோற்றாலும் திரும்ப ஆடலாம் என்பது கேமில் மட்டும்தான். ஆகவே சொல்கிறேன் — நம் பிள்ளைகள் எல்லோரும் அதை விளையாடட்டும். பெரியவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு தடவை தோற்கட்டும்.

தங்கையின் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். லட்சுமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மகள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க எழுதுனத அம்மா வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. அதக் கிழிச்சிரட்டுமா?"

நானே எழுந்து போய்க் கிழித்தேன். உங்கள் வீட்டுச் சுவரிலும் இருந்தால் கிழித்துவிடுங்கள்... கோபித்துக்கொள்ள மாட்டேன்.