கடிகாரக்காரியும் ஐந்தாவது ஆளும்

எடெல்மிரா தைப்பேயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லு என்றால் எனக்கு வாய் வராது. கெட்டதாகச் சொல்லு என்றால் பொழுது சாயும்வரை சொல்வேன். ஆனாலும் இந்த சைட்டில் அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன் நான்தான். வேறு யாராவது சொன்னால் பாதியைப் புளுகுவார்கள், அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் அம்மா டோன்யா மெல்சோரா சோறு விற்கிறவள். இந்த லிமா நகரத்தில் எங்கே கட்டடம் எழும்பினாலும் அதன் வாசலில் அவள் பானை வந்துவிடும். மலைச்சரிவில் வீடு. விடிவதற்கு முன்னால் அத்தனை படிகளிலும் பானையை இறக்கி, பஸ்காரனோடு சண்டை போட்டு, அதை ஏற்றிக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை பருப்பும் சோறும், மற்ற நாளில் குடல் கறி, உருளைக்கிழங்கு, கோழிக் குழம்பு. நான் கான்கிரீட் மேஸ்திரி. என் ஆட்கள் ஒரு சைட்டை முடித்து அடுத்ததற்குப் போனால் பானையும் எங்கள் பின்னாலேயே வரும். எங்கள் நாக்கு அந்த மிளகாய்த் துவையலுக்குப் பழகிவிட்டது.

எடெல்மிரா அந்தப் பானைக்குப் பின்னால் வளர்ந்தவள். தட்டு கொடுப்பாள், தட்டு கழுவுவாள், மீதி நேரம் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து படிப்பாள். அப்போதே அவளிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. இன்னொரு கரண்டி சோறு கேட்டால், “நேத்து மிச்சம் வச்சீங்களே மாமா” என்பாள். அவள் அம்மாதான் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சோற்றைப் போடுவாள். பிறகு அவள் சாயங்காலக் கல்லூரியில் சேர்ந்தாள், கட்டட வேலைப் படிப்பு. முடித்த அன்றைக்கு டோன்யா மெல்சோரா எல்லார் தட்டிலும் ஒரு துண்டு கோழி கூடுதலாக வைத்தாள். நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன், அந்தக் கையை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த சைட்டில் அவள் ஆபீஸ்காரர்கள் போடுகிற வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் அட்டை, அதில் ஒரு தாள், கழுத்தில் கடிகாரம். கம்பெனி புதிதாக ஒரு முறையைப் பிடித்திருந்தது. லீன் என்று பேர். வீண் நேரம், வீண் சாமான், வீண் நடை, எதுவும் இருக்கக்கூடாதாம். இன்ஜினியர் சல்தீவார் எங்களைக் காலையில் வரிசையில் நிற்க வைத்து அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார். அந்த அரை மணி நேரம் எந்தக் கணக்கில் சேரும் என்று ரோமுலோ என் காதில் கேட்டான். ரோமுலோ எங்கள் கும்பலில் பம்ப் குழாய் பிடிக்கிறவன், வாய் சும்மா இருக்காது.

பிறகு அலுவலகத் தகரக் கொட்டகையின் சுவர் முழுக்கக் கலர் கலராகத் துண்டுச் சீட்டு ஒட்டினார்கள். ஒவ்வொரு மேஸ்திரியும் அடுத்த வாரம் என்ன முடிப்பான் என்று தன் கையாலேயே எழுதி ஒட்ட வேண்டும். முடியாததை முடியாது என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். நான் ஒரு முறை முடியாது என்றேன். இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வாரத்திலிருந்து எல்லாமே முடிந்தது, சுவரில் மட்டும்.

எடெல்மிராவின் வேலை வேறு. ஒரு கும்பலைத் தேர்ந்தெடுத்து, எதிரே நின்று, ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொருத்தன் என்ன செய்கிறான் என்று தாளில் கோடு போடுவாள். கட்டடத்துக்கு ஆகிற வேலை ஒரு நிறம், அதற்கு ஒத்தாசை வேலை ஒரு நிறம், வெட்டியாக நிற்பது சிவப்பு. மூத்திரம் போனால் கூடச் சிவப்பு. கடிகாரக்காரி என்று பேர் வைத்தோம். அவள் காதில் விழும்படிதான் கூப்பிட்டோம்.

கம்பி கட்டுகிறவர்களை முடித்துவிட்டு எங்களிடம் வந்தாள். எனக்கு இருந்த பயமெல்லாம் சபினோவைப் பற்றி.

சபினோ என் மகளுக்கு ஞானத்தந்தை. நான் வேலை கற்றுக்கொள்ளும் முன்பிருந்தே கான்கிரீட்டில் நிற்கிறவர். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடித்துப் பிடித்து வலது தோள் போய்விட்டது, கை மார்புக்கு மேலே எழும்பாது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும், நாங்களும் சொல்லவில்லை. வைப்ரேட்டரின் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிற வேலையை அவருக்குக் கொடுத்திருந்தோம். அந்த வயரை யாரும் பிடிக்கத் தேவையில்லை, அது தானாகத் தரையில் கிடந்து வரும். நாலு பேர் ஐந்து பேர் வேலையைச் செய்தோம், ஐந்து பேர் சம்பளம் வாங்கினோம். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அவள் அட்டையோடு நிற்பதைப் பார்த்ததும் நான் சபினோவிடம் ஒரு வாளியைக் கொடுத்தேன். நடந்துகொண்டே இரும் என்றேன். இன்ஜினியர் வந்தால் சும்மா நிற்காதே, எதையாவது தூக்கிக்கொண்டு வேகமாக நட. இந்த ஊரில் சிமெண்ட் மூட்டை தொட்டவன் எவனும் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் இது. சபினோவும் நடந்தார். தளத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடது கையில் வாளியோடு, பனித்தூறலில், முகம் சிவக்க நடந்தார்.

அவளிடம் அதற்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. வெறுங்கை நடை. காலி வாளியும் அதில்தான் சேருமாம். சும்மா நின்றிருந்தாலாவது, கான்கிரீட் லாரிக்கு எல்லோரும் காத்திருந்த சிவப்போடு அதுவும் போயிருக்கும், நான் புத்திசாலித்தனம் பண்ணி அவர் வரிசை முழுவதையும் சிவப்பாக்கினேன்.

கொட்டகையில் நடந்த கூட்டத்தில் அந்தத் தாளைச் சுவரில் மாட்டினார்கள். இன்ஜினியர் வந்ததும் நேராக அந்தச் சிவப்பு வரிசையில் விரல் வைத்தார்.

“இதுல அஞ்சு பேர் எதுக்கு மேஸ்திரி? நாலு பேர் தாராளமாப் போதுமே. சனிக்கிழமையோட இவர் கணக்க முடிச்சிடுங்க.”

எடெல்மிரா எழுந்தாள். “சார், ஆளக் குறைக்கச் சொல்லி நான் எழுதல. அஞ்சு பேர் வரிசையிலயும் பாருங்க, பாதி நேரம் மிக்ஸர் லாரி வரலன்னு நிக்கிறாங்க. பெரிய வீண் அதுதான்.”

அது மேலிடத்தில் பேச வேண்டியது, பிறகு பார்க்கலாம் என்று இன்ஜினியர் தாளைச் சுருட்டிவிட்டார். அவள் இதைச் சொன்னாள் என்பதை நான் மறைக்கவில்லை. சொல்லி என்ன கிழிந்தது? லாரி லாரியாகவே இருந்தது, போகப் போவது சபினோ.

அன்று சாயங்காலம் வாசலில் அவளைப் பிடித்தேன். பின்னால் அவள் அம்மா பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் ஒரு வழி பண்ண வேண்டும், எடுத்த அளவு தப்பு, மறுபடி எடுக்கிறேன் என்று அவள் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஒரு வரிய மாத்திப் போடும்மா. அவரும் வேல செஞ்சார்னு போட்டா உன் பேனா தேஞ்சா போயிடும்?”

“அவர் செய்யலயே மாமா.”

“செய்யலன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க சொமக்கிறோம். உனக்கு எங்க வலிக்குது?”

“ஒண்ண மாத்தினா, லாரி லேட்டுன்னு எழுதினதயும் பொய்னு சொல்லிடுவார். உங்க பக்கம் இருக்கிறதே அது ஒண்ணுதான்.”

“எங்க பக்கத்தப் பத்தி நீ பேசாத. எங்க காசுல படிச்சவ நீ.”

“உங்க காசுல இல்ல. எங்க அம்மா சமைச்சதுல.”

அதற்குமேல் நான் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. டோன்யா மெல்சோரா கரண்டியோடு எழுந்து வந்தாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் மகளைப் பார்த்துத்தான் ஓங்கினாள். சோறு போட்டவங்க வயித்துல அடிக்காதடி, அழிச்சிடு அத, என்றாள். எடெல்மிரா அடியை வாங்கிக்கொண்டு நின்றாளே தவிர, சரி என்று சொல்லவில்லை. பிடிவாதத்தை அவள் எந்தப் பானையில் தின்றாள் என்று தெரியவில்லை.

மறுநாள் நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், சைட் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பானையில் எவனும் கை வைக்கக்கூடாது. அவளை எங்களால் வெளியே தள்ள முடியாது, ஆனால் அவள் அம்மாவை முடியும். தச்சர்கள், கம்பிக்காரர்கள், எல்லோரும் சேர்ந்து தெருவின் அந்தப் பக்கம் போனோம். அங்கே ஒருத்தன் விற்கிற சோறு எண்ணெயில் நீச்சல் அடிக்கும். தின்றுவிட்டு மத்தியானம் முழுக்கப் புளித்த ஏப்பம் விட்டோம். இந்தப் பக்கம் டோன்யா மெல்சோரா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. சாயங்காலம் நிறைந்த பானையோடு பஸ் ஏறுவாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்றால் இருந்தது.

மகள்மேல் எரிந்து விழுவாள், எப்படியும் அழிக்க வைப்பாள் என்று கணக்குப் போட்டேன். அம்மாவும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தாள் மட்டும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோமுலோ என் விலாவில் இடித்தான். “மேஸ்திரி, அங்க பாருங்க. நம்ம ஆள்.”

சைட் வாசலில், பானைக்கு எதிரே, முக்காலியில் சபினோ உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது, இடது கையில் கரண்டி. குழம்பில் உருளைக்கிழங்கை மசித்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு எடெல்மிரா நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். காரெல்லாம் ஹார்ன் அடிக்க நடுத்தெருவில் குறுக்கே போனேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

“மச்சான், இது என்ன கூத்து? உமக்காக நாங்க அந்த எண்ணெயத் தின்னு சாகறோம். நீர் இங்க உக்காந்து கறி தின்னுறீர்?”

“என்னயக் கேட்டா போனீங்க?”

“உம்ம வேலயக் காப்பாத்தத்தான்.”

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார். கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“எந்த வேல? அந்த வயரப் புடிக்கிறதா? அது வேலயில்லன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளக் கவர வாங்கறப்ப நீங்க நாலு பேரும் எங்கயோ பாப்பீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?”

ரோமுலோ பூட்ஸில் ஒட்டியிருந்த கான்கிரீட்டைச் சுரண்ட ஆரம்பித்தான்.

“இத்தன நாள்ல உங்கள்ல ஒருத்தன், தோளு எப்படி இருக்கு, எப்பத்துலேந்து இப்படின்னு கேட்டீங்களா? இந்தப் புள்ள கேட்டா. தாள்ல கோடு போட்டு முடிச்ச உடனே கேட்டா. இன்சூரன்ஸ் டாக்டர்கிட்ட எதச் சொல்லணும்னு இப்பவும் அதத்தான் சொல்லிட்டிருக்கா. நீ என்ன பண்ண மச்சான்? காலி வாளியக் குடுத்து என்னய நடக்க விட்ட. ஊரே பாக்க, கிறுக்கன் மாதிரி.”

அவர் தொப்பியைக் கழற்றி என் கையில் திணித்தார். சனிக்கிழமை வரை கூட இருக்கவில்லை. டோன்யா மெல்சோராவிடம் தட்டை நீட்டினார், அவள் இன்னொரு கரண்டி போட்டாள். எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பருப்பு வாசனைக்கு முதலில் ஓடியவன் ரோமுலோ. பிறகு ஒவ்வொருத்தனாகப் போனார்கள். கடைசியில் நானும் போனேன், வேறு வழியில்லை, குடல் புண்ணாகிவிட்டது. என் தட்டுக்கு மட்டும் பானையின் மேல்தண்ணீர்தான் வருகிறது. நான் கேட்பதில்லை. சபினோ இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒவ்வொரு சன்னலாக அலைகிறார் என்று கேள்வி. பணம் வருமா வராதா என்று இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை. என் மகள் பிறந்தநாளுக்கு அவர் வந்தார், அவளுக்கு முத்தம் கொடுத்தார், என்னிடம் பேசாமல் போனார்.

அதற்கப்புறம் வந்த தளத்தை நாலு பேராகப் போட்டோம். லாரி வழக்கம்போலத் தாமதம்தான். எப்படியும் இழுத்தடிக்கும், அப்போதாவது இன்ஜினியருக்குப் புத்தி வரும் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். இழுக்கவில்லை. வயரில் கால் மாட்டாமல் பார்த்துக்கொள், அவரை இடிக்காதே, அந்தப் பக்கம் தள்ளி ஊற்று என்று திரும்பித் திரும்பிக் கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வெளிச்சம் இருக்கும்போதே தளம் முடிந்துவிட்டது. எடெல்மிரா எதிரே நின்று கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு இருந்தது, ஆனால் எல்லாம் லாரிக்குக் காத்திருந்த சிவப்பு. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அசிங்கமாகத் திட்டியிருப்பேன்.

அவள் எழுதியது பொய்யாக இருந்திருந்தால் அவளை நான் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.